கோட்டைகள் காத்த எல்லை, வாக்கைக் காத்த மனிதர்கள்

ஸ்பெயின் நாட்டு வரைபடத்தின் தெற்குப் பகுதியைப் பார்ப்பவர்களுக்கு ஒரு விந்தை கண்ணில் படும். ஹெரெஸ் டி லா பிரொந்தேரா, ஆர்கோஸ் டி லா பிரொந்தேரா, வெஹேர் டி லா பிரொந்தேரா, மோரோன் டி லா பிரொந்தேரா என்று ஊருக்கு ஊர் ஒரே பின்னொட்டு இருக்கும். பிரொந்தேரா என்றால் எல்லை. இன்று அந்த ஊர்களில் எல்லைச் சாவடியும் இல்லை, கடப்பிதழைக் கேட்பவரும் இல்லை. எல்லை மறைந்து ஐந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த எல்லை எது? வடக்கே காஸ்டீல் என்ற கிறிஸ்துவ அரசு, தெற்கே கிரனாடா என்ற முஸ்லிம் அரசு. இரண்டுக்கும் இடையே 1246 முதல் 1492 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் நீடித்த எல்லை அது. அந்த நிலப்பரப்பைக் கடந்து செல்லும் ஒரு சுற்றுலாப் பாதையை, கிரனாடாவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘எல் லெகாடோ அண்டலூசி’ என்ற அறநிறுவனம் உருவாக்கியிருக்கிறது. ‘நஸ்ரிகளின் வழி’ என்பது அதன் பெயர். கிரனாடாவை ஆண்ட கடைசி முஸ்லிம் வம்சமே நஸ்ரி வம்சம். இந்த அமைப்பின் பாதைகளை ஐரோப்பிய மன்றம் 1997ஆம் ஆண்டில் பண்பாட்டு வழித்தடமாக அங்கீகரித்தது.

வழி நெடுகக் கோட்டைகள், காவல் கோபுரங்கள், மதில் சூழ்ந்த ஊர்கள். சுற்றுப்பயணிகள் படம் எடுப்பது இவற்றைத்தான். ஆனால் இந்த எல்லையை 250 ஆண்டுகள் தாங்கி நின்றது கல்லும் சுண்ணாம்பும் மட்டும்தானா? அங்கு வாழ்ந்தவர்களின் கதையைக் கேட்டால் வேறொரு பதில் கிடைக்கிறது.

போர்க்களத்தில் தொடங்கும் பாதை

பாதையின் வடக்கு முனை ஒரு போர்க்களம். மத்திய ஸ்பெயினையும் தெற்கையும் பிரிக்கும் மலைத்தொடரில் தெஸ்பெனியாபெர்ரோஸ் என்ற கணவாய் உண்டு. அதன் அருகே லாஸ் நாவாஸ் டி தொலோசா என்ற இடத்தில் 1212 ஜூலை 16ஆம் நாள் பெரும் போர் மூண்டது. காஸ்டீல் மன்னர் எட்டாம் அல்ஃபோன்சோ, அரகோன், நவார் மன்னர்களோடு கைகோர்த்து, வட ஆப்பிரிக்காவையும் தென் ஸ்பெயினையும் ஆண்ட அல்மொஹாத் கலீபா முகமது அல்நாசிரின் படையைத் தோற்கடித்தார். போர் நடந்த வட்டாரமான சாந்தா எலேனாவில் இன்று அதற்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே இறங்கினால் பான்யோஸ் டி லா என்சினா என்ற சிற்றூர். குன்றின்மேல் செம்மண் நிறத்தில் நீள்வட்டமாக ஒரு கோட்டை. அதில் முஸ்லிம்கள் கட்டிய சதுரக் கோபுரங்கள் பதினான்கு. பிற்காலத்தில் கிறிஸ்துவர்கள் சேர்த்த பெரிய கோபுரம் ஒன்று. சுவர்கள் செதுக்கிய கல்லால் ஆனவை அல்ல. மண், சுண்ணாம்பு, கூழாங்கல் ஆகியவற்றைக் குழைத்து, பலகைகளுக்கு நடுவே கொட்டி, அடுக்கு அடுக்காக இடித்து இறுக்கிய சுவர்கள். இது 10ஆம் நூற்றாண்டுக் கோட்டை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் அல்மொஹாத்கள் கட்டியது என்பது அண்மைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எதுவாயினும், மண்ணை இடித்து எழுப்பிய சுவர் எட்டு நூற்றாண்டுகளாகக் குலையாமல் நிற்கிறது.

அர்ஹோனாவில் பிறந்த அரசு

போருக்குப் பின் அல்மொஹாத் ஆட்சி சிதறியது. தெற்கில் ஆளுக்கொரு தலைவர் கிளம்பினார். ஹயேன் வட்டாரத்தில் உள்ள அர்ஹோனா என்ற சிற்றூரில் 1232ஆம் ஆண்டு, முகமது இப்னு நஸ்ர் என்பவர் தம்மைச் சுல்தானாக அறிவித்துக் கொண்டார். சில ஆண்டுகளில் கிரனாடா அவர் கைக்கு வந்தது. இன்று உலகமே வியக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டையின் கட்டுமானத்தைத் தொடங்கி வைத்தவர் இவர்தான்.

அதே வேளையில் காஸ்டீல் மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ தெற்கு நோக்கி முன்னேறிக் கொண்டிருந்தார். பயேசா, ஊபெடா ஆகிய ஊர்கள் வீழ்ந்தன. 1236இல் கொர்டோபாவும் வீழ்ந்தது. அடுத்து ஹயேன் நகரம் முற்றுகையில் சிக்கியது. காப்பாற்ற முடியாது என்று உணர்ந்த முகமது, எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். 1246ஆம் ஆண்டு பெர்னாண்டோவின் முகாமுக்கே சென்று, நகரை ஒப்படைத்து, அவருக்குக் கீழ்ப்பட்ட அரசராக இருக்க ஒப்புக்கொண்டார். ஆண்டுதோறும் 150,000 மரவேதி கப்பம், இருபது ஆண்டு போர்நிறுத்தம், தேவைப்படும்போது படை உதவி என்பவை நிபந்தனைகள். 1248இல் முஸ்லிம் நகரமான செவில்லை பெர்னாண்டோ முற்றுகையிட்டபோது, கிரனாடாவின் குதிரைப்படையும் அவர் பக்கம் நின்றது.

இதைத் துரோகம் என்பார்கள் சிலர், தந்திரம் என்பார்கள் சிலர். ஆனால் தென் ஸ்பெயினின் மற்ற முஸ்லிம் அரசுகள் எல்லாம் மறைந்த பின்னும் கிரனாடா மட்டும் இன்னும் 246 ஆண்டுகள் வாழ்ந்தது. ஹயேன் கிறிஸ்துவர்களின் முன்னணிக் காவல் நகரமானது. எல்லை அதன் மலைகளுக்கு அப்பால் சென்று நின்றது.

நகரம் மாறியது, நீராவிக் குளியலறை புதைந்தது

ஹயேன் நகருக்கு மேலே சாந்தா காத்தலீனா குன்றில் கோட்டை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒலிவ மரங்கள். இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 6 கோடிக்கும் அதிகமான ஒலிவ மரங்கள் உள்ளன. கீழே பழைய நகரில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபு நீராவிக் குளியலறைகள் உள்ளன. குதிரை இலாட வடிவ வளைவுகளும், கூரையில் நட்சத்திர வடிவத் துளைகளும் கொண்டவை. 16ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு அவற்றின்மேல் மாளிகை எழுப்பியதால் அவை நிலத்துக்கு அடியில் மறைந்து போயின. மறைந்ததால்தான் தப்பின என்றும் சொல்லலாம். 20ஆம் நூற்றாண்டில்தான் அவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன.

பயேசாவும் ஊபெடாவும் இன்று வேறு முகம் கொண்டவை. 16ஆம் நூற்றாண்டின் மறுமலர்ச்சிக் காலக் கட்டடங்களுக்காக 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ இரண்டையும் உலக மரபுடைமைத் தலங்களாக அறிவித்தது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த முஸ்லிம் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். பலர் கிரனாடாவுக்குப் போனார்கள். கிரனாடாவின் அல்பைசின் குடியிருப்புக்கு அந்தப் பெயர் வந்தது பயேசா மக்கள் குடியேறியதால்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. வல்லூறு வளர்ப்பவர்கள் வாழ்ந்த பகுதி என்பது இன்னொரு விளக்கம். எது சரியானாலும், அகதிகள் அங்கே வந்து குடியேறியது உண்மை.

தடம் பார்ப்பவர்களும் மீட்பர்களும்

எல்லை வாழ்க்கை எப்படி இருந்தது? அதை அழகுபடுத்திச் சொல்வதற்கு இல்லை. போர்நிறுத்தம் இருந்த ஆண்டுகளிலும் இரு பக்கத்தினரும் திடீர்த் தாக்குதல் நடத்தினார்கள். பயிர்களுக்குத் தீ வைத்தார்கள். ஆடு மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். வயலில் வேலை செய்தவர்களைப் பிடித்து அடிமைகளாக விற்றார்கள். குன்றுக்குக் குன்று காவல் கோபுரங்கள் நின்றன. பகலில் புகை, இரவில் நெருப்பு. ஒரு கோபுரத்தின் அடையாளத்தைக் கண்டு அடுத்த கோபுரம் எச்சரிக்கும். சில நிமிடங்களில் செய்தி மலைகளைத் தாண்டிவிடும்.

ஆனால் எந்நேரமும் போரிட்டுக்கொண்டே எவராலும் உழவும் முடியாது, விற்கவும் முடியாது. அதனால் எல்லை மக்கள் சில பதவிகளை ஏற்படுத்திக் கொண்டார்கள்.

முதலாவது, ‘கிறிஸ்துவர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடைப்பட்ட நீதிபதி’. போர்நிறுத்த காலத்தில் எல்லை கடந்து நடந்த கொலை, திருட்டு, கடத்தல் ஆகியவை பற்றிய புகார்களை அவர் விசாரிப்பார். கிரனாடா பக்கத்திலும் அதற்கு இணையான ஒருவர் இருந்தார். ‘அரசர்களுக்கு இடைப்பட்ட காஜி’ என்பது அவரின் பட்டம்.

இரண்டாவது, தடம் பார்ப்பவர்கள். ஓர் ஊரில் மாடுகள் களவு போனால் அந்த ஊர்த் தடம் பார்ப்பவர்கள் குளம்படித் தடத்தைப் பின்தொடர்ந்து தங்கள் ஊர் எல்லை வரை போவார்கள். அங்கே அடுத்த ஊர்த் தடம் பார்ப்பவர்களிடம் தடத்தை ஒப்படைப்பார்கள். அவர்கள் அதை ஏற்றுத் தொடர வேண்டும். எந்த ஊரில் தடம் நின்று போகிறதோ, அந்த ஊரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. இதில் மதம் பார்க்கப்படவில்லை. தடம் கிரனாடா நிலத்துக்குள் நுழைந்தால் அந்தப் பக்கத்தவர் அதை ஏற்றுக் கொள்வார்கள். ஹயேன் நகர மன்றத்தின் 1479ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்புகள் இன்றும் உள்ளன. கிரனாடாவோடு நடந்த இத்தகைய கொடுக்கல் வாங்கல்கள் அவற்றில் பதிவாகியிருக்கின்றன.

மூன்றாவது, கைதிகளை மீட்பவர்கள். ‘அல்ஃபகேகே’ என்று அவர்களை அழைத்தார்கள். விடுவிப்பவர் எனப் பொருள்படும் அரபுச் சொல்லில் இருந்து பிறந்த பெயர் அது. பணயத் தொகையைச் சுமந்துகொண்டு எதிரி நாட்டுக்குள் சென்று, கைதிகளோடு திரும்பி வருவது அவர்களின் வேலை. 13ஆம் நூற்றாண்டில் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர் தொகுப்பித்த ‘சியேத்தே பார்த்தீதாஸ்’ என்ற சட்ட நூல், இந்த வேலைக்கு வருபவரிடம் என்னென்ன குணங்கள் வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. உண்மை பேச வேண்டும். பேராசை கூடாது. இரு பக்கத்து மொழியும் தெரிய வேண்டும். எவரிடமும் பகை கூடாது. துணிவு வேண்டும். கையில் சொந்தச் சொத்தும் இருக்க வேண்டும். சொத்து எதற்கு? ஏமாற்றினால் இழப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமல்லவா!

இவர்கள் எவரும் சமாதானத் தூதர்கள் அல்லர். பகை இருந்தது, அதை எவரும் மறைக்கவில்லை. பகைக்கு நடுவிலும் சொன்ன சொல் செல்லுபடியாக வேண்டும் என்பதே ஏற்பாடு.

உள்ளிருந்து வந்த கொலை

எல்லையில் வாழ்பவர்களுக்கு ஆபத்து எப்போதும் எல்லைக்கு அப்பாலிருந்தே வரும் என்று நினைப்பது இயல்பு. ஹயேன் நகரின் வரலாறு அப்படி இல்லை. 1460ஆம் ஆண்டு முதல் அங்கே தங்கி எல்லையைக் காத்தவர் மிகேல் லூகாஸ் டி இரான்சோ. காஸ்டீலின் தலைமைத் தளபதி. கிரனாடா படைகளோடு பலமுறை மோதியவர். யூத மதத்தில் இருந்து கிறிஸ்துவத்துக்கு மாறிய குடும்பங்களுக்கு எதிராக 1473ஆம் ஆண்டு தெற்கு நகரங்களில் கலவரம் வெடித்தது. அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தார் இரான்சோ. அதனால் ஆத்திரம் கொண்ட கூட்டம், தேவாலயத்தில் மண்டியிட்டு வழிபட்டுக்கொண்டிருந்த அவரை அடித்துக் கொன்றது. கிரனாடாவின் வாள்களால் செய்ய முடியாததைச் சொந்த ஊர்க்காரர்கள் செய்து முடித்தார்கள்.

பீரங்கி வந்தது, கோட்டை முடிந்தது

ஹயேனில் இருந்து கிரனாடாவுக்கு இன்று நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஒரு மணி நேரப் பயணம். அன்று இந்த மலைகளைக் கடக்க இரண்டரை நூற்றாண்டு பிடித்தது. நடுவில் உள்ள உவெல்மாவை 1438ஆம் ஆண்டு காஸ்டீல் படை கைப்பற்றியது. படைக்குத் தலைமை தாங்கிய இனியிகோ லோப்பெஸ் டி மெண்டோசா புகழ்பெற்ற கவிஞரும்கூட. பின்னாளில் சாந்தில்யானா கோமகன் என்ற பட்டம் பெற்றவர்.

அதற்கு அருகில் கம்பில். ஆற்றுக்கு இருபுறமும் செங்குத்துப் பாறைகளின்மேல் கம்பில், அல்ஹாபார் என இரட்டைக் கோட்டைகள் எதிரெதிரே நின்றன. ஏணி வைத்து ஏற முடியாது. பட்டினி போட்டால் மாதக்கணக்கில் தாங்கும். 1485ஆம் ஆண்டு இசபெல் அரசியும் பெர்னாண்டோ மன்னரும் புதிய வழியைக் கையாண்டார்கள். ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்து மலையை வெட்டிச் சாலை அமைத்து, பெரும் பீரங்கிகளை மாடுகள் பூட்டி இழுத்து வந்தார்கள். கோபுரங்கள் நொறுங்கின. கோட்டைகள் பணிந்தன. அடுத்த ஆண்டு, கிரனாடாவின் கேடயம் எனப் பெயர் பெற்ற மொக்லீனும் அதே விதமாக வீழ்ந்தது. எல்லையைக் காத்த சுவர்களின் காலம் அத்தோடு முடிந்தது.

காகிதத்தில் எழுதிய வாக்கு

1491 நவம்பர் 25ஆம் நாள் கிரனாடாவின் சரணடைவு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1492 ஜனவரி 2ஆம் நாள் கடைசிச் சுல்தான் போவப்தில் அல்ஹம்ப்ராவை ஒப்படைத்தார். ஒப்பந்தத்தின் வாசகங்கள் தாராளமானவை. முஸ்லிம்கள் தங்கள் மதத்தைப் பின்பற்றலாம். பள்ளிவாசல்கள் அவர்களிடமே இருக்கும். அவர்களுக்கு அவர்களின் சட்டம், அவர்களின் நீதிபதி. எவரையும் கட்டாயமாக மதம் மாற்றக் கூடாது.

அல்ஹம்ப்ராவின் ஆளுநராகப் பொறுப்பேற்றவர் தெண்டில்லா கோமகன். உவெல்மாவைக் கைப்பற்றிய அந்தக் கவிஞரின் பேரன். பெயரும் அதே இனியிகோ லோப்பெஸ் டி மெண்டோசா. எல்லைக் காவலில் அனுபவசாலி. முன்பு அல்ஹாமா கோட்டையைக் காத்தபோது, படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க நாணயம் இல்லாமல், காகிதத் துண்டுகளில் தொகையை எழுதித் தம் கையெழுத்தை இட்டுக் கொடுத்தார் என்றும், பின்னர் ஒவ்வொரு துண்டுக்கும் பணம் கொடுத்துத் தீர்த்தார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவரின் கையெழுத்து நாணயமாகச் செல்லுபடியானது.

கிரனாடாவின் முதல் பேராயர் எர்னாண்டோ டி தலவேரா பொறுமையானவர். தம் குருமார்களை அரபு மொழி கற்கச் சொன்னவர். ஆனால் 1499ஆம் ஆண்டு, பின்னாளில் கார்டினலான சிஸ்னேரோஸ் வந்து சேர்ந்தார். கட்டாய ஞானஸ்நானங்கள் தொடங்கின. அரபு நூல்கள் தீக்கிரையாயின. மருத்துவ நூல்கள் மட்டும் விலக்கப்பட்டு, அல்கலா நகருக்கு அனுப்பப்பட்டன. அல்கலா என்பதே அரபுச் சொல். பொருள், கோட்டை. மலேசியாவில் கோத்தா பாரு, கோத்தா திங்கி இருப்பதைப்போல ஸ்பெயினில் பல அல்கலாக்கள் உண்டு. நூலை எரித்தாலும் ஊர்ப்பெயரில் இருந்து அரபு மொழியை நீக்க முடியவில்லை.

அந்த டிசம்பரில் அல்பைசின் மக்கள் கொதித்தெழுந்தார்கள். தெருக்களை அடைத்தார்கள். அப்போது தெண்டில்லா படையைக் கொண்டு வந்து குவிக்கவில்லை. பேராயர் தலவேராவோடு சென்று மக்களிடம் பேசினார். சரணடைந்தால் தண்டனை இல்லை என்று வாக்குக் கொடுத்தார். வாக்குக்குப் பிணையாகத் தம் மனைவியையும் பிள்ளைகளையும் அல்பைசின் பள்ளிவாசலை ஒட்டிய ஒரு வீட்டில் குடியமர்த்தினார். எல்லையில் இரு பக்கத்தினரும் அறிந்த பழைய வழக்கம் அது. மக்கள் நம்பினார்கள். கலகம் அடங்கியது.

ஆனால் அரசு தெண்டில்லாவைப்போல் நடந்து கொள்ளவில்லை. கலகம் செய்ததால் ஒப்பந்தம் முறிந்துவிட்டது, மன்னிப்பு வேண்டுமானால் மதம் மாற வேண்டும் என்று அறிவித்தது. 1502இல் காஸ்டீல் முழுவதும் முஸ்லிம்கள் மதம் மாற வேண்டும் அல்லது வெளியேற வேண்டும் என்று ஆணை வந்தது. 1567இல் அரபு மொழிக்கும் பாரம்பரிய உடைக்கும் தடை. 1568இல் மலைப்பகுதியில் பெருங்கலகம். கடைசியில் 1609 முதல் 1614 வரை, மதம் மாறியவர்களின் வாரிசுகளான ஏறத்தாழ 300,000 பேர் ஸ்பெயினை விட்டே விரட்டப்பட்டார்கள்.

யோசிக்க வேண்டியது இதுதான். எல்லை இருந்தவரை வாக்கை மீறினால் விலை கொடுக்க வேண்டும் என்ற அச்சம் இரு பக்கத்துக்கும் இருந்தது. களவு போன மாட்டுக்குக்கூட ஓர் ஊர் பதில் சொன்னது. எல்லை மறைந்து, ஒரு பக்கம் மட்டுமே வலிமை பெற்ற பிறகு, அரசர்களே கையெழுத்திட்ட ஒப்பந்தம் பத்து ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. வலிமை குறைந்தவர்களிடம் கொடுத்த வாக்கைக் காப்பதுதான் ஓர் அரசுக்கு உண்மையான சோதனை.

மலாக்காவில் விழுந்த நிழல்

இந்தக் கதை மலேசிய மண்ணையும் தொட்டிருக்கிறது. கிரனாடா வீழ்ந்து பத்தொன்பது ஆண்டுகளில், 1511ஆம் ஆண்டு, அதே தீபகற்பத்தில் இருந்து வந்த போர்த்துகீசியர்கள் மலாக்காவைக் கைப்பற்றினார்கள். தலைமை தாங்கிய அபோன்சோ டி அல்புகெர்க், இளமையில் வட ஆப்பிரிக்காவில் முஸ்லிம்களோடு போரிட்டுப் பயின்றவர். அங்கே எழுப்பிய கோட்டையில் இன்று எஞ்சி நிற்கும் வாயிலின் பெயர் சந்தியாகோ வாயில். ஸ்பானிய எல்லை வீரர்கள் போர்முழக்கமாக எழுப்பிய புனிதரின் பெயர் அது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று வணங்குவதும் அதே யாக்கோபைத்தான். மலாக்காவில் அந்த வாயில் முன் நின்று படம் எடுத்துக் கொள்பவர்கள், தங்களை அறியாமலே அந்தத் தூரத்து எல்லையின் ஒரு கல்லைத் தொட்டுவிட்டு வருகிறார்கள்.

நஸ்ரிகளின் வழி வடக்கில் தொடங்கித் தெற்கில் முடிகிறது. அது வெற்றி பெற்ற படைகள் நடந்த திசை. அதே பாதையைக் கிரனாடாவில் தொடங்கி வடக்கு நோக்கிப் பயணித்தால், ஊர் ஊராக இழந்து வந்தவர்களின் கதை தென்படும். நேரம் இருப்பவர்கள் இரு திசையிலும் போய்ப் பார்க்கலாம்.

கிரனாடாவுக்குப் போகிறவர்கள் அல்ஹம்ப்ராவின் கோபுரத்தில் ஏறினால், பள்ளத்தாக்குக்கு அப்பால் அல்பைசினின் வெள்ளை வீடுகள் தெரியும். அல்ஹம்ப்ரா 1984இலும் அல்பைசின் 1994இலும் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. ஆளுநரின் கோட்டை இந்தப் பக்கம். அவர் தம் மனைவி மக்களைப் பிணை வைத்த குடியிருப்பு அந்தப் பக்கம். நடுவே ஓடும் டாரோ ஆற்றைச் சில நிமிடங்களில் நடந்து கடந்துவிடலாம்.